பழைய பயிற்சித் துப்பாக்கிக்கு உதிரிப் பாகம்: கேள்வி பதில்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். கடேட் அணிவகுப்புக்கு வைத்திருக்கும் பழைய லீ-என்ஃபீல்டு (பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி) மரப் பாகங்களின் வேலை என் கைக்கு வரும். கேட்டவர்களுக்கு என் பதில் இது.

கே: அண்ணே, துப்பாக்கியில் 'டிபி' என்று குத்தியிருக்கே?
ப: 'டிரில் பர்ப்பஸ்', தம்பி. தோளில் சாத்தி நடக்க மட்டும்.

கே: தோளில் சாத்தும் பின்கட்டை லொடலொட என்று ஆடுது. இறுக்க முடியுமா?
ப: முடியும். பின்கட்டையின் அடியில் இருக்கும் உலோகத் தகட்டின் சின்ன மூடியைத் திறந்தால் ஆழத்தில் நீளமான போல்ட்டு தெரியும். அதன் தலைமேல் தோல் அடைப்பு இருந்தால் முதலில் அதை எடுங்க, இல்லாட்டி ஸ்குரூடிரைவர் பள்ளத்தில் உட்காராது. ஆனால் பழைய நம்பர் 1 மாடல் என்றால் நில்லுங்க. அதில் போல்ட்டின் நுனி சதுரமாக, குழாய்க்கு அடியில் இருக்கும் முன்கட்டைக்குள் ஒரு தகட்டில் மாட்டியிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். நான் ஒரு தடவை அவசரப்பட்டேன். 'டக்' என்று ஒரு சத்தம்தான். மூணு விரல் நீளத்துக்கு விரிசல். பிசின் விட்டு, கயிறு சுற்றி ஒட்டினேன், கோடு இன்னும் தெரியுது.

கே: ஐயா, ரப்பர் மரத்தில் புதுப் பின்கட்டை செதுக்கலாமா? நம் ஊரில் அதுதானே மலிவு.
ப: டீச்சர், பக்குவம் பண்ணாத ரப்பர் பலகை நீலம் பூத்துவிடும், ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும். அசலில் வால்நட், பீச், பர்ச் போட்டார்கள். நான் நன்றாகக் காய்ந்த நியாத்தோ மரம் எடுப்பேன். பழைய கட்டையில் 'எஸ்' (குட்டை), 'என்' (சாதாரணம்), 'எல்' (நீளம்) என்று எழுத்து இருந்தால், அது நீள அளவு. பார்த்து அதே நீளத்துக்கு வெட்டுங்க. கடைசியில் ஆளிவிதை எண்ணெய், மெல்ல மெல்ல. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்க.

கே: ஃபயரிங் பின், அதாவது தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி, ஒன்று கடைந்து தருவீங்களா?
ப: மாட்டேன். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஒரு பக்கம், 1971இல் வந்த, துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனை கூட்டும் சட்டம் இன்னொரு பக்கம். சுடும் பாகம் எதுவும் என் லேத்தில் ஏறாது.

கே: ஸ்குரூ ஒன்று காணோம். ஹார்ட்வேர் கடையில் கிடைக்குமா?
ப: கடையில் இருப்பது மெட்ரிக், இது பழைய அங்குல இழை. திணித்தால் துளை கெடும். துப்பாக்கி எந்த ஆயுத ஸ்டோரிலிருந்து வந்ததோ அங்கேயே எழுதிக் கேளுங்க.