மைனஸ் 4,600

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் அருகே ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். மாணவர்களுக்கு வினாடி வினா நடத்த மாதிரி தேடியபோது, அமெரிக்காவின் ‘ஜெபர்டி’ நிகழ்ச்சியின் பழைய பதிவு ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. சி.என்.என். தொலைக்காட்சியில் பல்லாண்டுகளாக அரசியல் செய்திகளைத் தொகுத்து வழங்கும் வுல்ஃப் பிளிட்சர் அதில் கலந்துகொண்டு, மைனஸ் 4,600 டாலரில் நிற்கிறார். வென்றவர் ஒரு நகைச்சுவைக் கலைஞர். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. இங்கும் இரவு விவாதங்களில் பேசும் பத்திரிகையாளர்களை நம்பித்தான் என் அப்பா தேர்தல் கணக்குப் போடுகிறார். இவர்களை மேடையேற்றிக் கேள்வி கேட்டால் எத்தனை பேர் தேறுவார்கள்? பொது அறிவே இல்லாதவர்கள் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்?

இன்னொரு சிறு கேள்வியும் உண்டு. எங்கள் பள்ளிப் போட்டியில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கலாமா? பிள்ளைகள் மனம் ஒடிந்துவிடுவார்கள் என்கிறார் தலைமையாசிரியர்.

ம., குடியாத்தம்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நீங்கள் பார்த்தது 2009 செப்டம்பர் 17 அன்று ஒளிபரப்பான நிகழ்ச்சி. நானும் அதை ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். உங்கள் அதிர்ச்சி புரிகிறது. ஆனால் அந்த எண்ணிலிருந்து நீங்கள் வந்தடைந்த முடிவுக்கு என்னால் வர முடியவில்லை.

அந்த விளையாட்டின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டு சுற்றுகளில் முப்பது முப்பதாகக் குறிப்புகள் (கேள்விகளை அங்கே அப்படித்தான் தருவார்கள்), கடைசியில் ஒன்று, ஆக மொத்தம் 61. பெரும்பாலான குறிப்புகளுக்கு டாலரில் ஒரு தொகை உண்டு. சரியாகச் சொன்னால் அந்தத் தொகை கூடும், தவறாகச் சொன்னால் அதே தொகை குறையும், வாய் திறக்காதவருக்கு எதுவும் குறையாது. அப்படியானால், ஒன்றுமே தெரியாத ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் பூஜ்யத்தில்தான் நிற்பார். பூஜ்யத்துக்குக் கீழே 4,600 டாலர் இறங்க வேண்டுமென்றால், உறுதியாகத் தெரியாதபோதும் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தி விடை சொல்லியிருக்க வேண்டும். அறியாமைக்கு மேல் இன்னொன்றும் அந்த எண்ணில் இருக்கிறது. அது பேசியே தீர வேண்டும் என்ற பழக்கம். நேரலையில் மணிக்கணக்காக அமர்பவருக்கு மௌனம் என்பது தொழிலில் இல்லாத ஒன்று என்பதால் அந்தப் பழக்கம் அவருடைய கையிலும் ஏறிவிடுகிறது என்பது என் ஊகம்.

அந்தப் பொத்தானின் வேலையும் வேறுதான். தொகுப்பாளர் குறிப்பைப் படித்து முடித்ததும் பலகையின் ஓரத்தில் விளக்குகள் எரியும். அதற்குப் பிறகே அழுத்த வேண்டும். முந்தினால் கால் நொடி பூட்டிக்கொள்ளும், அதற்குள் பக்கத்தில் நிற்பவர் விடையைச் சொல்லிவிடுவார். பழகியவர்கள் வீட்டில் பேனாவைக் கையில் வைத்து இதற்காகவே பயிற்சி எடுக்கிறார்கள். அன்று அந்த நகைச்சுவைக் கலைஞர் ஆண்டி ரிக்டர் 68,000 டாலர் வென்று குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்கு அளித்தார் என்றால் அதில் நினைவாற்றலுக்கும் விரலுக்கும் சமபங்கு உண்டு. நகைச்சுவைக் கலைஞர் வென்றதை ஓர் இழுக்காக நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. நேரம் பார்த்துப் பேசுவது அவர்கள் தொழிலின் உயிர்.

நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது வேறு, அறிவது வேறு என்பதை நான் வேலூரிலேயே கண்ணெதிரில் பார்த்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சிலர் சேர்ந்து உள்ளூர் நிருபர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு வினாடி வினா நடத்தினோம். அண்ணா சாலையில் ஒரு கட்டடத்தின் மாடியில் இடம் கிடைத்தது. பஸ்ஸர் வாங்கப் பணம் இல்லாததால் வீடுகளில் பொருத்தும் அழைப்பு மணியை வாங்கி, மேசைக்கு ஒன்றாகப் பலகையில் திருகி வைத்திருந்தோம். கேள்விகளைத் தயாரித்தவன் நான். “வேலூர் மாவட்டம் எந்த ஆண்டு உருவானது?” என்று படித்து முடிப்பதற்குள் ஒரு மாணவர் மணியை அடித்து “1989” என்றார். என் அட்டையிலும் அதுதான் இருந்தது. பத்து மதிப்பெண் கொடுத்துவிட்டோம். எதிர் மேசையில், நாற்பது ஆண்டுகள் தாலுகா நிருபராக இருந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். விரல் மணியின் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது என்னைத் தேடி வந்து, சட்டைப்பையிலிருந்த சிறு நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டார்:

“தம்பி, நீங்க எதைக் கேக்கறீங்க? 1989-ல வடஆற்காடு ரெண்டாப் பிரிஞ்சப்போ திருவண்ணாமலை சம்புவராயர், வடஆற்காடு அம்பேத்கர்னுதான் பேரு. வேலூர் மாவட்டம்ங்கற பேரு அதுக்கு அப்புறம் வந்தது. இன்னைக்கு இருக்கற வேலூரோ, 2019-ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிஞ்சு போனது போக மிச்சம் இருக்கறது. எந்த வேலூர் பொறந்ததைக் கேக்கறீங்க?”

அவர் அணி அன்று கடைசி இடம். அந்த அறையில் அந்தக் கேள்விக்கு உண்மையான விடை தெரிந்திருந்தவர் அவர் ஒருவர்தான். வேகமாகச் சொல்வதைவிட எது என்று கேட்டுத் தெளிவதே ஒரு நிருபரின் முதல் வேலை என்று நாற்பது ஆண்டுகள் பழகிய விரல் அது. கேள்வி பிழையானது என்பதால்தான் அது நின்றது. ஆகவே, போட்டியில் தோற்றவர் சொல்வதை நம்பக்கூடாது என்று உங்கள் அப்பாவிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள கோபம் நியாயமானது. அது போய்ச் சேர வேண்டிய இடம்தான் வேறு. நம் தொலைக்காட்சி விவாதங்களில் பொத்தான் மட்டும் இருக்கிறது, கழித்தல் இல்லை. 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில் நடந்ததை நீங்களும் அருகிலிருந்து பார்த்திருப்பீர்கள். பெருந்தொகை பிடிபட்டதால், ஏப்ரல் 18 வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு தேர்தலே ரத்தானது. பிறகு ஆகஸ்ட் 5 அன்று வாக்குப்பதிவு (காஷ்மீர் அறிவிப்பும் அதே நாளில் வந்ததால் நாட்டில் வேறு எவரும் நம் ஊரைத் திரும்பிப் பார்க்கவில்லை), ஆகஸ்ட் 9 அன்று எண்ணிக்கை. காலையில் அ.தி.மு.க. அணியின் ஏ.சி.சண்முகம் முன்னிலையில் இருந்தார். அது ஏன் என்பதற்கு அரைமணி நேரத்தில் ஆயிரம் காரணங்கள் சொல்லப்பட்டன. வாணியம்பாடி, ஆம்பூர் வாக்குகள் நிலைமையை மாற்ற, தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 8,141 வாக்குகளில் வென்றார். காலையில் ஒன்றை விளக்கிய அதே குரல்கள் மாலையில் அதற்கு நேர் எதிரானதை அதே உறுதியோடு விளக்கின. காலையில் சொன்னது தவறு என்று ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்கவில்லை.

அந்தக் குரல்களில் ஒன்று என்னுடையது. முற்பகலில் ஒரு தொலைக்காட்சியிலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். மாநிலம் முழுவதும் வீசிய காற்றிலிருந்து வேலூர் விலகி நிற்கிறது என்று சொல்லி, அதற்கு இரண்டு காரணங்களையும் அடுக்கினேன். வாணியம்பாடிப் பெட்டிகள் முழுமையாக எண்ணப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசினேன். பிற்பகலில் என் இரண்டு காரணங்களும் காலாவதியாகின. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த தேர்தலுக்கும் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அந்த அழைப்புதான் என்னை உண்மையில் வெட்கப்பட வைத்தது. கடைசிச் சுற்று எண்ணி முடியும்வரை முடிவைப் பற்றிப் பேசுவதில்லை என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிளிட்சரின் முகத்தருகே, எல்லோரும் பார்க்க, மைனஸ் 4,600 என்று எழுதியிருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே இருப்பவருக்குக் கடைசிச் சுற்றில் இடம் இல்லை என்பது விதி. பிரபலங்கள் ஆடுவது அறப்பணிகளுக்காக என்பதால் 1,000 டாலர் கொடுத்து அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். தன் பெயரின் கீழ் அப்படி ஓர் எண்ணோடு நிற்க ஒப்புக்கொண்ட பத்திரிகையாளர் மீது எனக்கு மரியாதை கூடியது. வாஷிங்டனிலேயே பத்திரிகையாளர்களையும் அரசியல் வட்டாரத்தினரையும் வைத்து நடத்திய இதே போட்டியை 2012 மே மாதத்தில் ஒரு வாரம் ஒளிபரப்பினார்கள். தமிழ்த் தொலைக்காட்சிகளும் நடத்த வேண்டும். ‘கோடீஸ்வரன்’ காலத்திலிருந்து இந்த வகை நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பழகியவர்கள்தானே நாம்? கூட்டணிக் கணக்கு சொல்பவர்கள் ஒருநாள் கழித்தல் உள்ள மேடையில் நிற்கட்டும்.

உங்கள் பள்ளிக்கு வருகிறேன். தாராளமாகக் குறையுங்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேண்டாம்; ஒன்பதாம் வகுப்பிலிருந்து வைக்கலாம். சரியான விடைக்குப் பத்து என்றால் தவறுக்கு ஐந்து போதும். ‘தெரியாது, பாஸ்’ என்று சொல்வதற்கு எதுவும் குறையாது என்பதைத் தொடக்கத்திலேயே இரண்டு முறை சொல்லிவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று மைக்கில் சொல்லப் பழகும் பிள்ளைக்கு மனம் ஒடிய இடமில்லை என்று தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்லுங்கள். கேள்வி பிழை என்று ஒரு பிள்ளை ஆதாரத்தோடு காட்டினால், போட்டி முடிந்த பிறகானாலும் மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேலூர்ப் புரட்சி நடந்த நாள் எது என்று கேட்டால் 1806 ஜூலை 10 என்று ஒரே விடை. மாவட்டம் உருவான ஆண்டு போன்ற கேள்விகளில்தான் நாம் தடுக்கி விழுகிறோம்.

கேள்வித்தாள் தயாரானதும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள். அந்தப் பெரியவர் காகிதப்பட்டறையில்தான் இருக்கிறார், கொண்டுபோய்க் காட்டுகிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் “எதைக் கேக்கறீங்க?” என்று அவர் முதலில் கேட்பார் என்பதால், தாளைத் திருப்பி அனுப்ப எனக்கு நான்கைந்து நாள் அவகாசம் கொடுங்கள்.