கேம் மட்டும்தான் பிடிக்கும் என்கிற மகனுக்கு வேறு எதில் ஆர்வம் வரும்?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. பள்ளி விட்டு வந்ததும் கணினி முன் உட்கார்ந்தால், இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதுதான் எழுந்து வருகிறான். நீச்சல், கீபோர்டு, செஸ் என்று மூன்று வகுப்புகளில் சேர்த்துப் பார்த்தோம்; எதிலும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை. திட்டினால் அழுகை, கணினியை அணைத்தால் சண்டை. அண்ணன் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும் 7 வயது மகளை நினைத்தாலும் கவலையாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கடிதத்தில் நான் திரும்பப் படித்த வரி, அந்த மூன்று வகுப்புகளைப் பற்றியது. நீச்சலும் கீபோர்டும் செஸ்ஸும் நல்லவைதான். ஆனால் நம் வீடுகளில் பிள்ளைக்குப் பொழுதுபோக்கு என்று எதைத் தொடங்கினாலும், அது சில வாரங்களுக்குள் கட்டணம், நேர அட்டவணை, கிரேடு தேர்வு, சான்றிதழ், பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பீடு என்று இன்னொரு பள்ளிக்கூடமாகிவிடுகிறது. கேமில் தோற்றால் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. அடுத்த நொடியே மறுபடி ஆரம்பிக்கலாம். நாள் முழுவதும் பெரியவர்கள் சொன்னதைச் செய்துவிட்டு வீடு திரும்பும் ஒரு சிறுவனுக்கு, தானே முடிவெடுத்து, தானே தோற்று, தானே தேறிவருவதற்கு இருக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம். ஆகவே நான்காவதாக ஒரு வகுப்பைத் தேடாதீர்கள். சேர்த்தே ஆக வேண்டுமென்றால், அவனே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும்; ஓராண்டுக்குத் தேர்வு, மேடை என்ற பேச்சே வேண்டாம்.

அதற்கு முன், அவன் எந்த கேமை, எதற்காக ஆடுகிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். மைன்கிராஃப்டில் வீடும் பாலமும் கட்டுகிறவனுக்குப் பிடித்தது கட்டுமானம். அட்டைப்பெட்டி, மரத்துண்டு, ஆணி, மாடித் தோட்டம் ஆகியவற்றில் அவனுக்கு வேலை இருக்கிறது. ஃப்ரீ ஃபயர் போன்றவற்றில் நண்பர்களோடு அணி சேர்ந்து ஆடுகிறவனுக்குப் பெரும்பாலும் வேண்டியது அந்தக் கூட்டம். அதே நண்பர்களைச் சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வரவழைத்து, ஒரு பந்தையும் மட்டையையும் கொடுத்துவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொண்டால் போதும். யோசித்து வெல்வதில் சுகம் காண்கிறவனுக்கு நான் தயங்காமல் சொல்வது ஆடு புலி ஆட்டம்.

பழைய ஆட்டமாயிற்றே என்று நினைக்க வேண்டாம். இரு தரப்புக்கும் வேறு வேறு பலம், வேறு வேறு இலக்கு என்ற அமைப்பு அவனுக்குக் கணினியில் பழகியதுதான். தரையில் சாக்பீஸால் முக்கோணக் கட்டம் வரைந்தால் கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் 23. புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் போதும். ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்து முடிக்கும் வரை அவற்றை நகர்த்த முடியாது. அதற்குள் புலி, அடுத்த புள்ளி காலியாக இருக்கும் ஆட்டைத் தாண்டி வெட்டிக்கொண்டே போகும். புலிகள் எங்கும் நகர முடியாமல் மறித்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி. முதல் சில ஆட்டங்களில் அவனுக்குப் புலியைக் கொடுங்கள். உடனே வெட்டுகிற உற்சாகம் கிடைக்கும். பிறகு பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். ஆட்டுப் பக்கம்தான் கடினம், ஆட்டத்தின் ருசியும் அங்கேதான்.

எதைத் தொடங்கினாலும் ஒரு சிக்கலை எதிர்பார்த்தே இருங்கள். கேம்கள் ஆட ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே ஏதாவது ஒரு பரிசைக் கொடுத்து, ஆடுபவரின் திறமைக்குச் சற்றே மேலான சவாலைத் தொடர்ந்து முன்வைக்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. ஷட்டில் மட்டையோ மிருதங்கமோ அப்படி இரங்குவதில்லை; கை பழகும் வரை முதல் சில வாரங்கள் அலுப்பாகத்தான் இருக்கும். பிள்ளைகள் கைவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், அப்போது அவனுக்குத் தேவை துணை. வாசலில் இறக்கிவிட்டுப் போகாமல், நீங்களோ அவன் அப்பாவோ கூடவே ஆடி, கூடவே தவறவிட்டு, சிரித்துவிட்டு வர வேண்டும். (கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பது இதில் சேராது.)

இனி நேரக் கட்டுப்பாடு. ஆன்லைனில் அணியாக ஆடும் மேட்சைப் பாதியில் நிறுத்திவைக்க முடியாது. வெளியேறினால் கூட்டாளிகளைக் கைவிட்டதாகும், பல கேம்களில் ரேங்கும் குறையும். நடுவில் சுவிட்சை அணைக்கும்போது வரும் சண்டைக்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் நிமிடக் கணக்கைவிட ரவுண்டுக் கணக்கு நல்லது: எத்தனை ரவுண்டு என்பதை ஆரம்பிக்கும் முன்பே இருவருமாகப் பேசி முடிவு செய்து, கடைசி ரவுண்டு தொடங்கும்போது ஒருமுறை நினைவூட்டினால் போதும். அதைவிடப் பயன் தருவது வரிசையை மாற்றுவது. பள்ளி விட்டு வந்ததும் சிற்றுண்டி, பிறகு இருட்டும் வரை வெளியே, அதன் பிறகே கணினி. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்கும் அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பகல் வெளிச்சத்தில் வெளியே கழியும் நேரம் கிட்டப்பார்வை தொடங்கும் வாய்ப்பையும் குறைக்கிறது. ஆனால் "அரை மணி ஓடினால் அரை மணி கேம்" என்று பேரம் பேசாதீர்கள். ஓட்டம் கட்டணமாகவும் கேம் பரிசாகவும் அவன் மனத்தில் பதிந்துவிடும்.

இது நோயா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அந்த அச்சம் கடிதத்தில் தெரிகிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் கேமிங் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக கேமை வைப்பது, பாதிப்பு தெரிந்த பிறகும் தொடர்வது ஆகிய மூன்றும், வழக்கமாக 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் எழுந்து வருகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல அறிகுறி. தூக்கம் கெடுவது, பள்ளிக்குப் போக மறுப்பது, கேமுக்காகப் பணம் எடுப்பது, கைநீட்டுவது என்று வந்தால் தாமதிக்காமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

உங்கள் மகளுக்கு வேண்டியது கேமைவிட அண்ணனாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆடு புலி ஆட்டத்தை அவளுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை அவனிடமே விடுங்கள். சுடுவதும் வெட்டுவதுமான கேம்களை அவள் பார்க்க வேண்டாம்; அவன் கணினியில் இருக்கும் அந்த நேரம் அவளுக்கு உங்களோடு தனியாகக் கிடைத்தால், நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பது மெல்லக் குறையும்.