கியர்பாக்ஸை இறக்கும் முன் ஆயில் ஃபில்டரைப் பிரித்துப் பாருங்கள்

வாசகர் கேள்வி: லண்டனில் ஹாரோ பகுதியில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் எஸ், மேனுவல் கியர், 81,000 மைல் ஓடியது. வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வெயில் காலத்தில் மட்டும்தான் வெளியே எடுக்கிறேன். கிளட்ச் மிதி கனமாகிவிட்டது. கொஞ்ச நாளாக வண்டியின் பின்பக்கம் லேசாகக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வாடை வேறு. ‘மேஜர் சர்வீஸ்’ என்று ஒரு கராஜில் கேட்டால் இரண்டு பக்கப் பட்டியலை நீட்டுகிறார்கள். இன்னொருவர் எஞ்சினுக்குள் இருக்கும் ஐ.எம்.எஸ். என்ற இடைத் தண்டின் பேரிங்கை மாற்றியே ஆகவேண்டும் என்கிறார். மூன்றாமவர், ஓடுகிற எஞ்சினில் கை வைக்காதே என்கிறார். 4,000 பவுண்டு ஒதுக்கியிருக்கிறேன். எதில் தொடங்குவது?

பதில்: முதல் செலவு ஓர் ஆயில் சர்வீஸ். அவ்வளவுதான். மீதிப் பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். பழைய ஃபில்டரில் என்ன சிக்கியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த முடிவு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இருபது வயது தாண்டிய வண்டிக்கு ‘மேஜர் சர்வீஸ்’ என்று நிலையான ஒரு பட்டியல் கிடையாது. கம்பெனி போட்ட அட்டவணை புது வண்டிக்கானது. இத்தனை மைலுக்கு ஆயில், இத்தனை வருடத்துக்கு ஸ்பார்க் பிளக், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஃப்ளூயிட் என்று அதில் இருக்கும். ரப்பர் இறுகுவதும், பிளாஸ்டிக் விரிசல் விடுவதும், இரும்புக் குழாய் துருப்பிடிப்பதும் அதில் இருக்காது. உங்கள் பணத்தின் பெரும்பகுதி போகப்போவதோ இந்த மூன்றுக்குத்தான்.

சரி, ஃபில்டருக்கு வருவோம். பாக்ஸ்டரின் எம்96 எஞ்சினில் இருப்பது தகர டப்பா ஃபில்டர் அல்ல. பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றுக்குள் மடிப்பு மடிப்பாகக் காகித ஃபில்டர் இருக்கும். கழற்றும்போது கிண்ணத்தின் அடியில் தேங்கிய ஆயிலைப் பழைய ஆயில் வாளியில் ஊற்றிவிடாமல் வெள்ளைத் துணி ஒன்றில் வடிக்கச் சொல்லுங்கள். பிறகு காகிதத்தைக் கத்தியால் வெட்டி எடுத்து, பிழிந்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். ஒரு காந்தத்தை மேலே ஓட்டுங்கள். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பான துகள் என்றால் எஃகு. பேரிங் தேயத் தொடங்கியிருக்கலாம். ஒட்டாத உலோகத் தூள் என்றால் அலுமினியமோ, கிராங்க் பேரிங்கின் மேற்பூச்சோ. பழுப்பு நிற பிளாஸ்டிக் சில்லுகள் டைமிங் செயின் உரசி ஓடும் பட்டைகளிலிருந்து வருபவை. கறுப்பாக, இறுகிய ரப்பர் போன்ற துணுக்குகள் இருந்தால் ஐ.எம்.எஸ். பேரிங்கின் மூடி சிதைகிறது என்று சந்தேகப்பட வேண்டும். கூடவே ஆயில் சம்ப்பின் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடித்தட்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபில்டருக்குப் போய்ச்சேராத கனமான துகள்கள் அங்கேதான் படிந்திருக்கும்.

வேலை நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்கவேண்டும். முடியாவிட்டால் ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இதற்குத் தயங்குகிற கராஜ் உங்களுக்கு வேண்டாம்.

எஃகுத் துகள் கணிசமாக வந்திருந்தால் அத்தோடு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அந்த நிலையில் புது பேரிங் போட்டுப் பயனில்லை. துகள் ஆயிலோடு சேர்ந்து எஞ்சின் முழுக்கச் சுற்றியிருக்கும். எஞ்சினைப் பிரித்துக் கழுவாமல் அது போகாது. புது கிளட்சும் புது வாட்டர் பம்பும் போட்டு முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட, ஓர் ஆயில் சர்வீஸ் செலவிலேயே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல். அபூர்வமாக ஓரிரண்டு துகள் மட்டும் தென்பட்டால் பதற வேண்டியதில்லை. புது ஆயிலில் சில நூறு மைல் ஓட்டிவிட்டு மறுபடி ஃபில்டரைப் பிரித்துப் பாருங்கள்.

ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது, உங்களிடம் இரண்டு பேர் எதிரும் புதிருமாகச் சொன்ன ஐ.எம்.எஸ். விவகாரம்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியை வாங்கி, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்களுக்குக் கொண்டுபோகும் இடைத் தண்டுதான் ஐ.எம்.எஸ். அதன் ஒரு முனை, அதாவது ஃப்ளைவீல் (கிளட்ச் பொருந்தும் கனமான சக்கரம்) பக்கத்து முனை, மூடி போட்ட பால் (குண்டு) பேரிங் ஒன்றில் சுழல்கிறது. நாளாவட்டத்தில் உள்ளே வைத்த கிரீஸை எஞ்சின் ஆயில் கரைத்துவிடும். புது ஆயில் தாராளமாக உள்ளே போகவும் வழியில்லாமல் பழைய ஆயில் அங்கேயே தேங்கும். பேரிங் உடைந்தால் டைமிங் தவறி வால்வும் பிஸ்டனும் மோதும். எஞ்சின் அவ்வளவுதான். ஆரம்ப கால பாக்ஸ்டர்களில் இரட்டை வரிசை பேரிங் இருந்தது. உங்கள் 2003 வண்டியில் இருப்பது அதைவிடப் பலவீனமான ஒற்றை வரிசை. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையான மாடல்களை வைத்து உரிமையாளர்கள் சார்பில் இது பற்றிக் கூட்டு வழக்கே நடந்தது. ஒற்றை வரிசையில் சுமார் 8 சதவீதம் பழுதாகிறது என்ற கணக்கு அதில்தான் வெளிவந்தது.

அப்படியென்றால் பன்னிரண்டில் ஒன்றுக்கும் குறைவு. ‘கை வைக்காதே’ என்றவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ‘மாற்றியே ஆகவேண்டும்’ என்றவரும் பொய் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த ஒன்று நம் வண்டியாக இருந்துவிட்டால் எஞ்சினே போய்விடும். இந்த பேரிங்கை எட்டவும் கிளட்சை மாற்றவும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். என் கருத்து இதுதான்: பேரிங்குக்காக மட்டும் கியர்பாக்ஸை இறக்காதீர்கள். வேறு காரணத்துக்காக இறக்கினால் பேரிங்கை மாற்றாமல் மறுபடி ஏற்றாதீர்கள். உங்கள் விஷயத்தில் அந்த வேறு காரணம் தயாராகவே இருக்கிறது. இந்த வண்டிகளில் மிதி கனமாவது கிளட்ச் தேய்ந்ததன் வழக்கமான அறிகுறி. ஐந்தாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாக அழுத்திப் பாருங்கள். வேகம் கூடாமல் ஆர்.பி.எம். மட்டும் எகிறினால் சந்தேகமே வேண்டாம்.

மாற்று பேரிங்குகளிலும் வித்தியாசம் உண்டு. செராமிக் குண்டுகள் போட்ட வகைக்கு ஆயுள் வரம்பு இருக்கிறது. அடுத்த கிளட்ச் வேலையின்போது அதையும் மாற்றவேண்டியிருக்கும். எஞ்சின் ஆயில் அழுத்தத்தோடு நேராகப் பாயும்படி அமைத்த, குண்டுகளே இல்லாத வகை விலை கூடியது. ஆனால் அதைத் திரும்ப மாற்றும் வேலை இல்லை. வருடத்துக்கு ஓரிரண்டாயிரம் மைல் ஓட்டுபவருக்கு முதல் வகையே தாராளம்.

எந்த வகையானாலும் மாட்டுகிற கைதான் முக்கியம். கராஜில் இதைக் கேளுங்கள்: பழைய பேரிங்கை இழுக்கும் முன் கிராங்கையும் கேம்களையும் பூட்டுவீர்களா? செயின் டென்ஷனர்களைக் கழற்றுவீர்களா? ஃப்ளைவீல் போல்ட்டுகள் புதிதாகப் போடுவீர்களா? மூன்றுக்கும் யோசிக்காமல் ‘ஆமாம்’ வரவேண்டும். கேம்களைப் பூட்டாமல் இடைத் தண்டை விடுவித்தால் டைமிங் நகர்ந்துவிடும். ஃப்ளைவீல் போல்ட் ஒருமுறை இறுக்கும்போதே நீண்டு விடுகிற வகை. மறுபடி பயன்படுத்தக் கூடாது.

கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போது வேறென்ன செய்யலாம்? இங்கேதான் பட்டியல் போடுவதில் கெட்டிக்காரத்தனம் வேண்டும். பாகத்தின் விலையைப் பார்த்து முடிவு செய்யாமல், எதைக் கழற்றினால் எது எட்டும் என்று பாருங்கள். ஃப்ளைவீலுக்குப் பின்னால் உள்ள கிராங்க் ஆயில் சீல் சின்னச் செலவு. பின்னாளில் அது மட்டும் கசிந்தால் இதே கூலியை இன்னொரு தடவை கொடுக்கவேண்டும். ரிலீஸ் பேரிங்கும் அது நகரும் குழலும் கிளட்சோடு சேர்ந்தவை. இரட்டை எடை ஃப்ளைவீலை அளந்து பார்த்து, ஆட்டம் அளவுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். எஞ்சின் புகையிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் செபரேட்டரும் அந்தப் பக்கம்தான் ஒளிந்திருக்கிறது. படுத்த வாக்கில் சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் என்பதால் ஸ்டார்ட் செய்ததும் லேசாகப் புகை வந்து மறைவது இயல்பு. புகை வெள்ளையாகப் பொங்கி நிற்காமல் வந்தாலோ, ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறக்க முடியாதபடி உள்ளே இழுத்தாலோ செபரேட்டர் போய்விட்டது என்று அர்த்தம். உங்கள் வண்டியில் அது எப்போதும் மாற்றப்படவில்லை என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

பிரிட்டனில் ஓடிய வண்டி என்பதால் இன்னொன்றும் உண்டு. பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் குழாய்கள் கியர்பாக்ஸின் தலைக்கு மேலாகச் செல்கின்றன. குளிர்கால உப்பும் ஈரமும் சேர்ந்து அவற்றை அரித்துவிடும். சாதாரணமாக எட்டிக்கூடப் பார்க்க முடியாத இடம். உங்கள் வண்டியின் எம்.ஓ.டி. (வருடாந்திரத் தகுதிச் சோதனை) வரலாற்றை அரசு இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். பழைய குறிப்புகளில் பிரேக் குழாய் துரு என்று எங்காவது வந்திருந்தால் இந்தச் சமயத்தைத் தவறவிடாதீர்கள். கிளட்ச் போனால் வண்டி நடுவழியில் நிற்கும், அவ்வளவுதான். பிரேக் குழாய் வெடித்தால் வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது. எனக்கு இது ஐ.எம்.எஸ்.ஸைவிட முக்கியம்.

அடுத்தது கூலன்ட் வாடை. பின் டிக்கியைத் திறந்து தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் கையால் தடவிப் பாருங்கள். கூலன்ட் விரிவாக்கத் தொட்டி அங்கேதான் இருக்கிறது. அந்த பிளாஸ்டிக் வெப்பத்தில் சூடாகிச் சூடாகி மயிரிழை விரிசல் விடுவது பாக்ஸ்டர்களில் சகஜம். ஈரமோ காய்ந்த கறையோ இருந்தால் தொட்டியை மாற்றவேண்டியதுதான், ஒட்டுப்போடுவது நிற்காது. அதற்கு முன் மூடியைப் பாருங்கள். திருத்தப்பட்ட புது மூடியின் பாக எண் 04 என்று முடியும். பழைய எண் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், சில சமயம் கசிவே அதுவாக இருக்கும்.

வாட்டர் பம்ப் எஞ்சினின் முன்பக்கம், அதாவது உங்கள் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. அதன் பிளாஸ்டிக் இறக்கைகள் உடைந்தால் துண்டுகள் கூலன்ட் வழிகளில் போய் அடைத்துக்கொள்ளும். உலோக இறக்கை போட்ட பம்ப் வாங்கச் சிலர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். பம்பின் பேரிங் ஆட்டம் கண்டால் அந்த உலோகம் எஞ்சின் உடம்பையே சுரண்டிவிடும். கம்பெனி பம்ப், தெர்மோஸ்டாட், பெல்ட் மூன்றையும் ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்.

ரேடியேட்டர்களை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். எஸ் மாடலில் முன்பக்கம் மூன்று இருக்கின்றன. இரு ஓரத்து ரேடியேட்டர்களுக்கும் அவற்றின் முன்னால் உள்ள ஏ.சி. கண்டென்சர்களுக்கும் நடுவே இலையுதிர் காலத்து இலைகள் புகுந்து மட்கி, ஈரத்தோடு அப்பிக்கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மேல் அடுக்கு மட்டும்தான் தெரியும். பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதிகச் செலவு பிடிக்காது.

இனி, அந்த இரண்டு பக்கப் பட்டியலில் நான் அடித்துவிடுபவை. எஞ்சின் ஃப்ளஷ் (ரசாயனம் ஊற்றி உள்ளே கழுவுவது) வேண்டாம். கசிவோ சத்தமோ இல்லாத எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தொடவேண்டாம்; துருப்பிடித்த போல்ட் ஒன்று முறிந்தால் அரைநாள் வேலை நாள்கணக்காகிவிடும். சஸ்பென்ஷனை மொத்தமாக மாற்றவும் வேண்டாம். முன் ஸ்பிரிங்கின் அடிச்சுருள் முறிந்திருக்கிறதா, கீழ்க் கைகளின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து, பழுதானதை மட்டும் மாற்றினால் போதும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு நான்கு வருடத்துக்குள் மாற்றிய பில் இருந்தால் விட்டுவிடுங்கள். பில் இல்லையென்றால் மாற்றுங்கள். அப்போதே இக்னிஷன் காயில்களில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வருடத்தைத் தாண்டியிருந்தால் பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் சரி, இந்தக் காருக்கு அது ஆகாது.

காசில்லாத ஒரு வேலையை நீங்களே செய்யலாம். மேற்கூரைத் துணி மடங்கும் இடத்தின் இரு ஓரத்திலும் மழைநீர் வடிகால் துளைகள் உண்டு. அவை அடைத்தால் தண்ணீர் காருக்குள் இறங்கும். இருக்கைக்கு அடியில் இருக்கும் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவி நனைந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு மெதுவாகக் குடைந்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அது வண்டிக்கு அடியில் வருகிறதா பாருங்கள்.

பணத்தைப் பற்றி. 4,000 பவுண்டில் 800ஐ முதலிலேயே தனியாக வைத்துவிடுங்கள். இவ்வளவு பழைய வண்டியில் எதையாவது கழற்றும்போது இன்னொன்று உடையும், அது மெக்கானிக்கின் குற்றமல்ல. மீதியில் கிளட்ச், பேரிங், சீல், பிரேக் குழாய் முதல் கட்டம். கூலன்ட் தொட்டி கசிந்தால் அதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், தள்ளிப்போட முடியாது. வாட்டர் பம்பும் ரேடியேட்டர் சுத்தமும் பணம் மிஞ்சினால் இப்போதே, இல்லாவிட்டால் அடுத்த வசந்தத்துக்கு முன். வெயில் காலத்தில் மட்டும் ஓட்டுபவர் என்பதால் நவம்பரில் வண்டியைக் கராஜில் விடுங்கள். அவசரப்படுத்தாமல் வேலை வாங்கலாம். அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம்தான் போகவேண்டும் என்பதில்லை. இந்த எஞ்சின்களையே நாள்தோறும் பிரிக்கிற தனிப்பட்ட போர்ஷே ஸ்பெஷலிஸ்ட் போதும், பெரும்பாலும் அதுவே நல்லது. சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை விழாதே என்று கவலைப்படாதீர்கள். பாக எண்ணோடு கூடிய பில்களைக் கோப்பில் சேர்த்துவையுங்கள். நாளைக்கு விற்கும்போது வாங்க வருபவர் கேட்பது அதைத்தான்.

வேலை முடிந்து வண்டி வந்ததும் முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்ததும் கூலன்ட் அளவைப் பாருங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறினால் அளவு இறங்கும். போர்ஷேயின் ஏ40 அங்கீகாரம் உள்ள 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40 ஆயில் போடுங்கள். எவ்வளவு குறைவாக ஓட்டினாலும் வருடம் ஒருமுறை மாற்றுங்கள். அப்புறம், புது பேரிங் போட்டபின் முதல் ஆயிலை மட்டும் சில நூறு மைலிலேயே வடித்து, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பார்த்துவிடுங்கள்.