பழைய பிசிஎக்ஸ் டிசைன்களை நிறம் கெடாமல் மாற்ற

வணக்கம். நகரியில் உங்கள் தறிக்கூடத்துப் பழைய கம்ப்யூட்டரில் இருந்த சேலை பார்டர் டிசைன்களை பிசிஎக்ஸ் (PCX) என்ற பழைய பட வடிவத்திலிருந்து ஜேபிஜிக்கு மாற்றினால் ஓரங்கள் கலங்குகின்றன, ஒரு ஃபைலில் நிறமே தாறுமாறாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் ஜேபிஜியை விட்டுவிடுங்கள். அது படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து நுணுக்கத்தைக் குறைத்துத்தான் சேமிக்கும். போட்டோவில் அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு புள்ளி ஓர் இழை என்றிருக்கும் டிசைனில், சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே நீங்கள் போடாத நிறமெல்லாம் முளைத்துவிடும். பிஎன்ஜி, பிஎம்பி என்ற பட வடிவங்கள் இரண்டிலும் இந்தத் தொல்லை இல்லை.

இர்ஃபான்வியூ (IrfanView) என்ற படம் பார்க்கும் மென்பொருளில் 'பி' (B) விசையை அழுத்தினால் மொத்தமாக மாற்றும் பெட்டி வரும். அதில் அளவு மாற்றும் டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள், இது ரொம்ப முக்கியம். மாற்றியபின் 'ஐ' (I) விசையை அழுத்தினால் எத்தனை தனி நிறங்கள் என்று காட்டும். மூலப் படத்தின் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும்.

அப்புறம் அந்தக் கெட்டுப்போன ஃபைல். 256 நிற பிசிஎக்ஸ்-இல் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தின் வரிசை எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற பட்டியல் ஃபைலின் கடைசி 769 பைட்டில் இருக்கிறது. பிளாப்பியிலிருந்து காப்பி செய்யும்போது வால்பகுதி அறுந்திருந்தால் உருவம் சரியாகவும் நிறம் தவறாகவும் வரும். உங்களுடையது அப்படித்தான் தெரிகிறது. திரும்பக் காப்பி எடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால், அதே வரிசையில் செய்த நல்ல டிசைன் ஒன்றிலிருந்து நிறப்பட்டியலை ஏற்றுமதி செய்து இதில் இறக்கிப் பாருங்கள். இரண்டும் இமேஜ் மெனுவில் பேலட் என்பதன் கீழ் இருக்கின்றன. மூல ஃபைல்களை மட்டும் அழித்துவிடாதீர்கள்.