புதிதாக விசில் எடுப்பவர்களுக்கு: கால்பந்து நடுவர் கேள்வி பதில்

தை அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் நம் டெல்டாவில் ஊருக்கு ஊர் கோல் போஸ்ட் நட்டுவிடுவார்கள். ஆட ஆள் இருக்கிறது, விசில் ஊதத்தான் ஆள் கிடைப்பதில்லை. தஞ்சாவூர் வட்டாரத்தில் பதினெட்டு வருடமாக நடுவராக இருக்கிறேன். புதிதாக வர நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

பாபநாசம், கல்லூரி மாணவர்: எனக்கு அவ்வளவாக ஆட வராது. பள்ளி அணியிலும் வெளியே உட்கார்ந்துதான் இருந்தேன். நடுவர் ஆக முடியுமா அண்ணா?

தாராளமாக முடியும் தம்பி. வெளியே உட்கார்ந்து பார்த்தவருக்கு ஆட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது சில சமயம் ஆடுகிறவரைவிட நன்றாகவே தெரியும். உங்கள் மாவட்டக் கால்பந்து சங்கத்தில் போய்ப் பேர் கொடுத்து, நடுவர் பயிற்சியும் தேர்வும் எப்போது என்று கேட்டு வையுங்கள். விதிகளில் கேள்வி கேட்பார்கள், ஓடவும் விடுவார்கள். அதற்குள் 17 விதிகளையும் ஒரு முறை படித்துவிடுங்கள். ஆஃப்சைடு (எதிரணிப் பாதியில் பந்தையும் கடைசியிலிருந்து இரண்டாவது எதிராளியையும் தாண்டி நிற்பது) பற்றிய 11-ஐயும் பவுல் பற்றிய 12-ஐயும் மூன்று முறை படியுங்கள். முதல் நாளே நடுவில் நிற்க ஆசைப்பட வேண்டாம். ஒரு சீசன் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஆட்டத்தில் கோட்டோரம் துணை நடுவராகக் கொடி பிடியுங்கள்.

குத்தாலம்: என்னென்ன வாங்க வேண்டும்?

விசில் இரண்டு, கைக்கடிகாரம், மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, சின்ன நோட்டு, பென்சில், டாஸ் போட ஒரு நாணயம். வியர்வையில் நனைந்த தாளில் பேனா எழுதாது, அதனால்தான் பென்சில். உள்ளே உருண்டை போட்ட விசில் வேண்டாம், அவசரத்தில் அடைத்துக்கொள்ளும்.

மன்னார்குடி: கொடி பிடிக்கிறேன். பந்தைப் பார்த்தால் தடுப்பாட்டக்காரர்கள் வரிசை தப்புகிறது, வரிசையைப் பார்த்தால் பந்தை உதைத்த நேரம் தப்புகிறது. எப்படிச் சமாளிப்பது?

எல்லோருக்கும் முதலில் இதுதான் கஷ்டம். கண்ணை வரிசையில் வைத்துவிட்டு, உதைக்கிற சத்தத்தைக் காதில் வாங்கப் பழகுங்கள். கோல் கீப்பரையும் சேர்த்து எண்ணி, கடைசியிலிருந்து இரண்டாவது தடுப்பாட்டக்காரருக்கு நேராக நில்லுங்கள். பந்து அவரையும் தாண்டிவிட்டால் பந்துக்கு நேராக ஓடுங்கள். அவர் இரண்டு அடி நகர்ந்தால் நீங்களும் மைதானத்தைப் பார்த்தபடியே, வரப்பில் நண்டு போவது போலப் பக்கவாட்டில் நகர வேண்டும். முதுகைத் திருப்பினால் போச்சு.

ஆஃப்சைடுக்குத் தலை, உடம்பு, கால் இவைதான் கணக்கு, கை கணக்கில் சேராது. அப்புறம், ஆஃப்சைடு இடத்தில் நிற்பது மட்டும் குற்றம் இல்லை. அவர் பந்தைத் தொடுகிறாரா, எதிராளிக்கு இடைஞ்சலாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கொடியைத் தூக்குங்கள். த்ரோ, கார்னர், கோல் கிக் மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது.

திருத்துறைப்பூண்டி, உடற்கல்வி ஆசிரியர்: உள்ளூர் அணிக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தேன். கூட்டம் உள்ளே வந்துவிட்டது. விட்டுக்கொடுத்திருக்க வேண்டுமா?

கூடாது சார். ஆனால் ஊதும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்? இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு இரண்டாவது வருடம் இதே மாதிரி நடந்தது. அறுவடையான வயல், நெல் தாள் காலைக் குத்துகிறது. வேகமாகப் போன பையனைத் தடுப்பாட்டக்காரர் காலை வாரிவிட்டார். நான் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பெனால்டி ஊதிவிட்டேன். தீர்ப்பு சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் முப்பது மீட்டருக்கு அப்பால் நிற்பவன் சொல்வதை யார் நம்புவார்கள்? போதாததற்குச் சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்துபோயிருந்தது. எந்த இடத்தில் விழுந்தான் என்று என்னால் காட்ட முடியவில்லை. அரை மணி நேரம் ஆட்டம் நின்றது. அந்தப் பையன் அழுததுதான் எனக்கு மறக்கவில்லை.

அதிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுகிறேன். மைதானத்தை நடந்து பார்த்து, அழிந்த கோட்டைத் திரும்பப் போடச் சொல்வேன், வலையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். பெனால்டி எல்லைக்கோடு எல்லைக்குள் சேர்ந்தது, கோட்டின் மேல் பவுல் நடந்தாலும் பெனால்டிதான். ஆட்டத்தின்போது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக ஓடுங்கள். பந்து உங்களுக்கும் துணை நடுவருக்கும் நடுவில் இருக்கும், இரண்டு பேர் கண்ணும் அதன் மேல் இருக்கும். பக்கத்தில் நின்று ஊதிய பெனால்டிக்கு இத்தனை சண்டை வராது சார், அனுபவத்தில் சொல்கிறேன்.

மீறிக் கூட்டம் வந்தால் அணித்தலைவரிடம் மட்டும் பேசுங்கள். வெளியாட்கள் புகுந்தால் ஆட்டத்தை நிறுத்தவும் கைவிடவும் ஐந்தாம் விதியில் உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. நடந்ததை அன்று இரவே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பட்டுக்கோட்டை: கீப்பர் பந்தை ஆறு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் மறைமுக ஃப்ரீ கிக்தானே?

அது பழைய விதி. 2025-26 முதல் எட்டு விநாடி, தாண்டினால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து விநாடியைக் கையை உயர்த்தி விரல்களால் காட்டி எண்ண வேண்டும்.

நாகப்பட்டினம்: சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்க ஆட்டத்தை நிறுத்தலாமா?

போட்டி விதியில் இருந்தால் நிறுத்தலாம். தண்ணீர் குடிக்க மட்டும் என்றால் ஒரு நிமிடத்துக்குள், உடம்பு சூடு தணிய என்றால் ஒன்றரை முதல் மூன்று நிமிடம். அதனால் கமிட்டியிடம் முன்னாடியே பேசி வையுங்கள். அந்த நேரத்தை ஆட்ட நேரத்தில் சேர்த்துக் கொடுக்க மறக்காதீர்கள்.

வேதாரண்யம்: நான் பெண். ஆண்கள் ஆட்டத்துக்கு விசில் ஊத விடுவார்களா?

விதியில் எந்தத் தடையும் இல்லைம்மா. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஃபிஃபா நடுவராகவே ஆனார். 2022 உலகக்கோப்பையில் ஜெர்மனி - கோஸ்டாரிகா ஆட்டத்தை நடத்தியது பிரான்ஸின் ஸ்டெஃபானி ஃப்ராப்பார். அன்று கொடி பிடித்த இருவரும் பெண்கள்தான்.

நம் ஊரில் முதல் பத்து நிமிடம் ஓரத்திலிருந்து ஏதாவது சொல்வார்கள். முதல் பவுலைப் பக்கத்தில் நின்று, சத்தமாக ஊதுங்கள். வீட்டில் தயங்கினால் முதல் ஆட்டத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கோட்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போடச் சொல்லலாம்.