மலேசியாவிலிருந்து வேலை, கோபியில் நிலம்: எதை முதலில் முடிப்பது?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்த எனக்கு வயது 31. கோவை மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் ரூ.2 லட்சம். வரும் ஜூலையில், தொலைவிலிருந்து பணிபுரிவோருக்கு மலேசியா தரும் ‘டிஇ ரந்தாவ்’ விசாவில் சென்று, ஓராண்டு கோலாலம்பூரில் தங்கி இதே வேலையைத் தொடர விரும்புகிறேன். வங்கி வைப்பில் ரூ.18 லட்சம் உள்ளது. சரவணம்பட்டி வீட்டுக்கு மாதத் தவணை ரூ.32,000, பெற்றோருக்கு ரூ.20,000 தருகிறேன். எங்கள் வயலை ஒட்டிய பங்காளி நிலம் விலைக்கு வருகிறது. அதில் என் பங்கு ரூ.14 லட்சம். திரும்பி வந்து கிரயம் செய்துகொள்ளலாமா? வெளிநாட்டில் இருக்கும் ஆண்டுக்கு இங்கே வரி இல்லை என்று நண்பர்கள் சொல்வது சரியா?

பதில்: நண்பர்கள் சொல்வதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். நிதியாண்டில் 182 நாள்களுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் வரி இல்லை என்ற பேச்சு பாதி உண்மைதான். அந்த ஆண்டில் 60 நாள்களோ அதற்கு மேலோ இங்கே இருந்து, முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தமாக 365 நாள்களோ அதற்கு மேலோ இருந்தவர், வரிச் சட்டப்படி இந்தியவாசியாகவே கருதப்படுவார். வெளிநாட்டு வேலைக்காகப் புறப்படும் குடிமக்களுக்கு அந்த 60 நாள் வரம்பு 182 ஆகத் தளர்த்தப்படுகிறது. ஆனால், கோவை நிறுவனத்தின் வேலையையே வேறு ஊரில் அமர்ந்து செய்யும் உங்களுக்கு அந்தத் தளர்வு பொருந்துமா என்பதில் வரித்துறை மறுப்புத் தெரிவிக்க இடமுண்டு. அதைத் தாண்டினாலும், சம்பளம் முதலில் இந்திய வங்கிக் கணக்கில் வரவானால் அதை இந்தியாவில் பெற்ற வருமானமாகக் கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

மறுபுறம், மலேசியாவும் தன் பங்கைக் கேட்கும். விசா என்பது தங்குவதற்கான அனுமதியே தவிர வரிவிலக்கு அல்ல. அந்த மண்ணில் இருந்து செய்யும் வேலைக்கான ஊதியத்தை அந்நாடு தன் எல்லைக்குள் ஈட்டியதாகவே பார்க்கிறது. இந்திய–மலேசிய இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் பாதுகாப்பு, நீங்கள் அங்கே 183 நாள்களைத் தாண்டாமல் இருந்து, சம்பளம் தருவது மலேசிய நிறுவனமாகவோ அங்குள்ள கிளையாகவோ இல்லாதபோதுதான் கிடைக்கும். ஓராண்டு தங்கினால் அந்தப் பாதுகாப்பை இழந்து, இரு நாடுகளிலும் கணக்குத் தாக்கல் செய்து, அங்கே கட்டிய வரிக்கு இங்கே கழிவு கோரி அலைய நேரிடும்.

ஆகவே நான் சொல்வது இதுதான்: ஜூலையில் அல்ல, அக்டோபர் முதல் வாரத்தில் புறப்பட்டு மார்ச் நடுவில் திரும்புங்கள். டிஇ ரந்தாவ் விசா 3 மாதம் முதல் 12 மாதம் வரை தரப்படுவதால் குறுகிய காலத்துக்கே விண்ணப்பிக்கலாம். தொழில்நுட்பப் பணியாளருக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை உங்கள் சம்பளம் நிறைவேற்றுகிறது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை மட்டும் 183 நாள்கள் ஆகிவிடுவதால் இந்தியவாசி என்பதில் ஐயமே எழாது. வரி வழக்கம்போல இங்கே பிடிக்கப்படும். வருமான வரித்துறையிடம் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் மலேசியாவில் ஒப்பந்தச் சலுகையைக் கோர அது உதவும். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு இருந்தால் அதிலும் மாற்றம் தேவைப்படாது.

நிலத்தைப் பொறுத்தவரை தள்ளிப்போடவே கூடாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராகிவிட்டால் விவசாய நிலத்தை நீங்கள் விலைக்கு வாங்க முடியாது. ஏற்கெனவே வாங்கியதை வைத்துக்கொள்ளலாம், பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாகவும் பெறலாம். அந்தச் சட்டம் முந்தைய நிதியாண்டில் இங்கிருந்த நாள்களைப் பார்ப்பதால், ஜூலையில் போய் ஓராண்டு கழித்து வருபவருக்கு ஊர் திரும்பிய பிறகும் சிக்கல் வரலாம். அதைவிட, தடப்பள்ளி வாய்க்கால் பாசனப் பகுதியில் சொந்த வரப்பை ஒட்டி வரும் நிலம் இன்னொரு முறை வருமென்று யாரும் உறுதி தர முடியாது. பங்காளி வெளியாளுக்குக் கொடுத்துவிட்டால் தண்ணீரும் தடமும்கூடப் பிரச்சினையாகும். வில்லங்கச் சான்றும் பட்டாவும் சரிபார்த்து, செப்டம்பருக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தை முடித்துவிடுங்கள். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் ஆகும். உங்கள் 14 லட்சத்துக்குள் அதுவும் அடங்குகிறதா என்று அப்பாவிடம் இப்போதே பேசுங்கள். மீதமுள்ள 4 லட்சத்தைத் தொட வேண்டாம்: தவணையும் பெற்றோர் செலவும் ஆறு மாதத்துக்கு ரூ.3.12 லட்சம், வேலை போனால் அதுதான் அவர்களைத் தாங்கும்.

கோலாலம்பூர் செலவுக்குச் சம்பளத்திலிருந்தே மாதாமாதம் அனுப்பிக்கொள்ளுங்கள். நிதியாண்டில் ரூ.10 லட்சம் வரை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு வங்கி முன்கூட்டியே வரி (டி.சி.எஸ்.) வசூலிக்காது. நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்பதால் தனியாக ஒன்று எடுத்தே ஆக வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, மலேசியாவிலிருந்து வேலை செய்ய நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதியைப் பெறுங்கள். அங்கே நிறுவனத்தின் பெயரில் நீங்கள் ஒப்பந்தம் எதுவும் செய்ய மாட்டீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். இல்லையேல் நிறுவனத்துக்கே அந்நாட்டில் வரிப் பொறுப்பு ஏற்படக்கூடும். மேலாளரின் வாய்மொழிச் சம்மதம் போதாது. மனிதவளப் பிரிவின் கடிதம் கைக்கு வந்த பிறகு விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.