கடல் கேள்வி பதில்: பாய்ப்படகுக்கு ஒதுக்கிடம்

கேள்வி: ஆனி மாதம் 11 மீற்றர் பாய்ப்படகில் திருகோணமலையிலிருந்து அறுகம்குடா வரை கரையோரமாகப் போகவிருக்கிறோம். படகின் அடிப்பாகம் 1.8 மீற்றர் தண்ணீருக்குள் நிற்கும். இரவில் பாசிக்குடாவில் ஒதுங்கலாமா? நங்கூரச் சங்கிலி எவ்வளவு விட வேண்டும்?
வாசகர், கல்லடி

பதில்: பாசிக்குடா குளிக்க நல்லது, உங்கள் படகுக்கு அல்ல. வெகுதூரம் வரை இடுப்பளவு தண்ணீர்தான், முருகைக்கல்லும் உண்டு. தெற்கே கல்குடாக் கரையில் மணல் அடியைத் தேடுங்கள். ஆனி, கரையிலிருந்து இழுக்கும் கரைவலையின் காலம் என்பதால் எங்கே வலை வளைக்கிறார்கள் என்று மீனவர் தங்கும் வாடியில் கேட்டுவிட்டே நங்கூரம் பாய்ச்ச வேண்டும். வலை வளைக்கும் இடமான பாட்டுக்குள் படகை நிறுத்தினால் அவர்களுடைய ஒருநாள் உழைப்பே போய்விடும்.

கிழக்குக் கரைக்கு முற்பகலில், 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், வந்து சேருங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். வெளிர்நீலமாகத் தெரிவது மணல், கபிலமாகத் தெரிவது கல். பின்னேரம் வந்தால் வெயில் முகத்தில் அடிக்கும், கல் கண்ணுக்கே தெரியாது.

சங்கிலிக் கணக்கை ஆழத்தில் மட்டும் போடுவதுதான் வழக்கமான பிழை. 4 மீற்றர் ஆழத்தோடு படகின் முகப்பு உயரம் 1 மீற்றர், வற்றுப்பெருக்குக்கு அரை மீற்றர் சேர்த்தால் 5.5. அதன் ஐந்து மடங்கு, ஏறத்தாழ 28 மீற்றர் சங்கிலி வேண்டும். சங்கிலியோடு கயிறும் கலந்திருந்தால் ஏழு மடங்கு, 39 மீற்றர். குறைத்து விட்டால் சங்கிலி மேல்நோக்கி இழுத்து நங்கூரத்தை மணலிலிருந்து கிளப்பிவிடும்.

காற்றை நோக்கி மெதுவாக வந்து, படகு நின்றதும் நங்கூரத்தை இறக்குங்கள். எறியக் கூடாது, சங்கிலி அதன்மேலேயே குவிந்து சிக்கும். படகு பின்னால் நகர நகரச் சங்கிலியை விட்டு, முடிவில் இஞ்சினைப் பின்னோக்கி அரை நிமிடம் ஓட்டுங்கள். கரையில் ஒரு மரத்தையும் அதற்கு நேர் பின்னால் உள்ள கட்டடத்தையும் குறித்துவையுங்கள். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது.

ஆனியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தரையிலிருந்து அடிக்கும், படகு கரையைப் பார்த்து நிற்கும். பின்னேரம் கடற்காற்று எழும்பினால் படகு சுழன்று அதன் பின்பக்கம் கரைக்குப் போகும். ஆகவே 28 மீற்றர் சங்கிலியும் 11 மீற்றர் படகும் சேர்ந்த 39 மீற்றர் ஆரமுள்ள வட்டத்துக்குள் எந்தப் பக்கமும் கல்லோ ஆழக்குறைவோ இருக்கக் கூடாது. காலைக் காற்றை நம்பி இடம் தெரிவு செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அறுகம்குடாவில் காற்றுக்கு மறைவு உண்டு, அலைக்கு இல்லை. தெற்கிலிருந்து வரும் பேரலை முனையைச் சுற்றி உள்ளே வளையும். அலைச்சறுக்குக்காரர்கள் அங்கே கூடுவதும் அதற்காகத்தான். படகு பக்கவாட்டில் உருளும். பின்பக்கம் சிறிய நங்கூரம் ஒன்று போட்டு, முகப்பை அலைக்கு நேரே பிடித்து வைத்தால் தூங்கலாம்.

கேள்வி: ஒலுவில் துறைமுகத்தில் ஒதுங்க முடியாதா?
வாசகர், நிந்தவூர்

பதில்: 2013இல் திறந்த துறைமுகத்தின் வாயை மணல் மூடிக்கொண்டே வந்திருக்கிறது. 1.8 மீற்றர் தண்ணீருக்குள் நிற்கும் படகோடு அதை நம்பிப் பயணம் வகுக்காதீர்கள். மட்டக்களப்பு முகத்துவாரமும் அப்படியே, மணல்திட்டு இடம் மாறும். ஐப்பசி முதல் தை வரை, வடகீழ்க் காற்று அடிக்கும் வாடைக் காலத்தில் இந்தக் கரையின் திறந்த குடா எதிலும் இராத்தங்கக் கூடாது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி அந்தப் பருவத்தில் வந்ததுதான். அப்போது படகு திருகோணமலை உள்துறைமுகத்தில் இருக்கட்டும்.